குரூப் 4 ரேங்க் வந்துருச்சு, பிரைவேட் வேலைய விட்டுட்டு அரசு வேலைக்குப் போகலாமா? சம்பளம், லீவு, பென்ஷன் நிலவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

மாலை_மல்லி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். குரூப் 4 எழுதியிருந்தேன், ரேங்க் ஓரளவு நல்லாவே வந்திருக்கு, சர்டிபிகேட் வெரிபிகேஷன் முடிஞ்சுது, இனி கவுன்சிலிங்தான். இளநிலை உதவியாளர் கண்டிப்பா கிடைக்கும்னு தெரிஞ்சவங்க சொல்றாங்க, விஏஓவும் (கிராம நிர்வாக அலுவலர்) எடுக்கலாமாம். நான் இப்ப சென்னைல ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ்ல இருக்கேன், பிடித்தம் போக 34,000 கைக்கு வருது. வீட்டுக்காரரும் சென்னைலதான் வேலை. கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம் ஆகுது, அடுத்த வருஷம் குழந்தை வேணும்னு நினைச்சிருக்கோம்.

அம்மா வீட்லயும் மாமியார் வீட்லயும் யோசிக்கவே வேணாம், போய் சேந்துடுன்னு ஒரே பேச்சு. எனக்கு ஆசை இல்லாம இல்ல, ஆனா யார்கிட்ட கேட்டாலும் "கவர்மெண்ட் வேலைம்மா" அப்டின்னு ஒரே வார்த்தைல முடிச்சிடறாங்க, உள்ள என்ன இருக்குன்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. கைக்கு உண்மைல எவ்ளோ வரும், சேந்த உடனே குழந்தை பொறந்தா லீவு கிடைக்குமா, பென்ஷன் இருக்கா இல்லையா, எந்த ஊர்ல போடுவாங்க, வேலை அழுத்தம் எப்படி, இதெல்லாம் உள்ள இருக்கறவங்க சொன்னா பெரிய உதவியா இருக்கும். நல்லது மட்டும் இல்ல, கஷ்டத்தையும் சொல்லுங்க ப்ளீஸ்.

பழைய_கோப்பு பதில்:

வாழ்த்துக்கள்மா. நான் அமைச்சுப் பணில இளநிலை உதவியாளரா சேந்து கண்காணிப்பாளரா ரிட்டயர் ஆனவன், சம்பளப் பட்டியல் போடற சீட்லயே பாதி சர்வீஸ் போச்சு, அதனால மொதல்ல காசு கணக்கச் சொல்லிடறேன்.

இளநிலை உதவியாளர், விஏஓ ரெண்டுக்கும் ஒரே லெவல்தான், லெவல் 8, அடிப்படைச் சம்பளம் 19,500ல ஆரம்பம். அதுக்கு மேல அகவிலைப்படி, 2025 ஜூலைல இருந்து 58 சதவீதம்னு வச்சுக்கிட்டா 11,310 வரும். ரெண்டும் சேந்து 30,810. மருத்துவப்படி 300. வீட்டு வாடகைப்படி ஊரைப் பொறுத்து மாறும், சென்னைக்கு ஒரு ரேட், சின்ன ஊருக்கு ஒரு ரேட், இந்த லெவலுக்கு அது பெரிய தொகையா இருக்காது. பெரிய நகரம்னா நகர ஈட்டுப்படின்னு கொஞ்சம் சேரும். இதுல ஓய்வூதியப் பங்களிப்பு அடிப்படையும் அகவிலைப்படியும் சேந்த தொகைல 10 சதவீதம், அதாவது 3,081 போகும். ஹெல்த் இன்சூரன்ஸ் 300, குடும்பப் பாதுகாப்பு நிதி 110. ஆக வாடகைப்படிய சேக்காம கைக்கு 27,600 சொச்சம் நிக்கும். ஆறு மாசத்துக்கு ஒருக்கா தொழில் வரி வேற இருக்கு. உங்க 34,000த்த விட இது கம்மிதான், அத மறைச்சு சொல்றதுல அர்த்தமில்ல.

ஆனா இந்த நம்பர் நிக்காது, நகரும். வருஷத்துக்கு ஒரு இன்கிரிமெண்ட், 3 சதவீதம், 19,500 அடுத்த வருஷம் 20,100 ஆகும், உங்க மேனேஜர் மனசு வைக்கணும்னு இல்ல, தண்டனை எதுவும் இல்லாம இருந்தா அதுபாட்டுக்கு வரும். அகவிலைப்படி வருஷத்துக்கு ரெண்டு தடவ ஏறும். பதவி உயர்வே கிடைக்கலன்னாலும் ஒரே பதவில 10 வருஷம் முடிச்சா தேர்வுநிலை, 20 வருஷம் முடிச்சா சிறப்புநிலைன்னு சம்பளம் ஒரு படி ஏறும். ஓய்வு வயசு இப்ப 60.

ஒரு விஷயம் கண்டிப்பா மனசுல வச்சுக்கோங்க, மொத சம்பளம் சேந்த மாசமே வராது. பணியாளர் எண் உருவாக்கி, ஓய்வூதியக் கணக்கு எண் வாங்கி, களஞ்சியம்ங்கற அரசு சம்பள மென்பொருள்ல ஏத்தி, கருவூலத்துல பில் பாஸ் ஆகறதுக்குள்ள ரெண்டு மூணு மாசம் ஓடிடும். அப்புறம் அரியரா மொத்தமா வரும்தான், ஆனா அதுவரைக்கும் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கைல காசு வச்சுக்கிட்டு சேருங்க. புதுசா வர்ற பசங்க இதுலதான் தவிச்சுப் போறாங்க, வெளியூர்ல ரூம் எடுத்துட்டு வீட்ல கேக்கவும் கூச்சப்பட்டுட்டு நிப்பாங்க, பாக்கவே கஷ்டமா இருக்கும்.

இன்னொன்னு, சம்பளக் கணக்கு சாதாரண சேமிப்புக் கணக்கா இருந்தா பேங்க்ல சொல்லி சம்பளத் தொகுப்புக் கணக்கா மாத்திடுங்க. 2025 மே மாசம் அரசு ஏழு பேங்கோட ஒப்பந்தம் போட்டுது, விபத்துல இறந்தாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ 1 கோடி ரூபா, பிரீமியம் எதுவும் கட்ட வேணாம். நிறைய பேர் மாத்தாமயே இருக்காங்க.

வருவாய்_அக்கா பதில்:

தங்கச்சி, நான் வருவாய்த் துறைல உதவியாளர், குரூப் 4ல வந்தவதான், ரெண்டு பிள்ளைங்க. நீங்க கேட்ட குழந்தை விஷயத்தச் சொல்றேன்.

மகப்பேறு விடுப்பு இப்ப 12 மாசம், முழு சம்பளத்தோட. 2021 ஜூலைக்கு முன்னாடி 9 மாசமா இருந்துது. உயிரோட இருக்கற குழந்தைங்க ரெண்டுக்குக் கம்மியா இருக்கணும்ங்கறது விதி. தகுதிகாண் பருவத்துல (புரொபேஷன்) இருக்கறவங்களுக்கும் உண்டு. ஆனா முன்னாடி என்ன பிரச்சனைன்னா அந்த ஒரு வருஷம் தகுதிகாண் பருவத்துல சேராது, அதனால ஒரே நாள்ல சேந்த ஆம்பளப் பையன் ரெண்டு வருஷத்துல பணிவரன்முறை (வேலைய முறைப்படுத்தற ஆணை), தகுதிகாண் எல்லாம் முடிச்சுட்டுப் போவான், பிள்ள பெத்தவ அவனுக்குப் பின்னாடி நிப்பா. எத்தனையோ பேர் இதுக்குப் பயந்தே குழந்தையத் தள்ளிப் போட்டாங்க. 2025 ஏப்ரல்ல சட்டமன்றத்துல அந்த விடுப்பையும் தகுதிகாண் பருவத்துல சேத்துக்குவோம்னு அறிவிச்சாங்க. எனக்கு அந்த அறிவிப்புதான் மத்த எல்லாத்த விடவும் பெருசாத் தெரிஞ்சுது, கல்யாண முன்பணம் 5 லட்சமா ஏத்தினத விடவும். அதனால அதுக்காக நீங்க எதையும் தள்ளிப்போட வேண்டாம். 2025 மே மாசம் உச்ச நீதிமன்றமும் நம்ம மாநில அரசுப்பள்ளி ஆசிரியை ஒருத்தர் வழக்குல மகப்பேறு விடுப்பு பெண்ணோட இனப்பெருக்க உரிமைல ஒரு பகுதின்னு தீர்ப்புல சொல்லியிருக்கு, அவங்களுக்கு முதல் கல்யாணத்துல ரெண்டு குழந்தை இருந்தும், ரெண்டாவது கல்யாணத்துல பொறந்த குழந்தைக்கு லீவு குடுக்கச் சொல்லித் தீர்ப்பு.

மத்த லீவுன்னு பாத்தா தற்செயல் விடுப்பு வருஷத்துக்கு 12 நாள், வரையறுக்கப்பட்ட விடுப்பு 3 நாள், ஈட்டிய விடுப்பு நிரந்தரமானவங்களுக்கு 30 நாள், 240 வரைக்கும் சேத்து வைக்கலாம், ரிட்டயர் ஆகும்போது அதுக்குக் காசு. வருஷத்துக்கு 15 நாள் சரண்டர் பண்ணி காசாக்கற வசதிய கொரோனா சமயத்துல நிறுத்தி வச்சிருந்தாங்க, 2025 அக்டோபர்ல இருந்து திரும்பக் குடுத்துட்டாங்க. உடம்புக்கு முடியலன்னா மருத்துவச் சான்றோட ஈட்டா விடுப்பு தனி.

லீவு பேப்பர்ல இருக்குங்கறது ஒன்னு, கேட்டா குடுக்கறாங்களாங்கறது வேற. எங்க துறைல காலை 10 மணி சாயங்காலம் 5.45ங்கறது போர்டுலதான். தேர்தல் வந்தா, மழை வெள்ளம் வந்தா, ஜமாபந்தி (வருஷாவருஷம் நடக்கற கிராமக் கணக்குத் தணிக்கை) வந்தா, ஏதாவது முகாம் போட்டா சனி ஞாயிறு கிடையாது. பால் குடிக்கிற பிள்ளைய மாமியார்கிட்ட விட்டுட்டு ராத்திரி பத்து மணிக்கு ஓட்டர் லிஸ்ட் சரிபாத்துட்டு இருந்திருக்கேன், மார் கட்டிக்கிட்டு வலிக்கும், எந்திரிச்சுப் போறேன்னு சொல்ல முடியாது. மாவட்ட ஆட்சியர் கூட்டம் ஆறு மணிக்குன்னு ஐந்தரைக்கு போன் வரும். இதெல்லாம் தெரிஞ்சுட்டு வாங்க. இதே லெவல் 8 சம்பளத்துக்கு நேரத்துல வீட்டுக்குப் போற துறைகளும் இருக்கு, ஆனா அங்க பதவி உயர்வு மெதுவாத்தான் நகரும். வருவாய்ல துறைத் தேர்வு எல்லாம் பாஸ் பண்ணி வச்சிருந்தா துணை வட்டாட்சியர், வட்டாட்சியர்னு ஏறிப் போகலாம், ஆனா அந்தப் பாதை முழுக்க உழைப்பு.

தென்றல்77 பதில்:

எல்லாரும் போன்னு சொல்றீங்க, நான் கொஞ்சம் மறுபக்கம் பேசறேன். நான் பிரைவேட்ல ஹெச்.ஆர். வேலை பாக்கறேன். அக்கவுண்ட்ஸ்ல நல்லா வேலை தெரிஞ்சவங்களுக்கு ஐஞ்சு ஆறு வருஷத்துல சம்பளம் ரெண்டு மடங்கு ஆகறத நான் பாத்துட்டு இருக்கேன். மகப்பேறு விடுப்பு பிரைவேட்லயும் சட்டப்படி 26 வாரம் உண்டு, 2017 திருத்தத்துல இருந்து. பிஎஃப் இருக்கு, அஞ்சு வருஷம் முடிச்சா கிராஜுவிட்டி இருக்கு. லெவல் 8ல ஆரம்பிச்சு ஒவ்வொரு வருஷமும் அறுநூறு எழுநூறு ஏறற வேலைக்குப் போயிட்டு அங்க உக்காந்து பழைய ஃபிரண்ட்ஸ் சம்பளத்தப் பாத்து ஏங்கறதுல அர்த்தம் இல்ல.

ஆனா நியாயமா சொல்லணும்னா 26 வாரம் சட்டத்துல இருக்கே தவிர, திரும்பி வரும்போது அந்தப் பொண்ணோட சீட்டு அங்கயே இருக்கும்னு என்னால எல்லா கம்பெனிக்கும் சத்தியம் பண்ண முடியாது. லீவுல இருக்கும்போதே வேற ஆளப் போட்டுட்டு, வந்தவங்கள வேற டீம்ல தள்ளி, அவங்களாவே பேப்பர் போடற வரைக்கும் விடறத நான் பாத்திருக்கேன், மனசாட்சி உறுத்துது. பென்ஷன்லயும் பிரைவேட் ரொம்ப பின்னாடி, பிஎஃப் பென்ஷனுக்கு 15,000 ரூபா சம்பளத்துக்கு மேல கணக்குலயே எடுக்க மாட்டாங்க, குறைஞ்சபட்ச பென்ஷன் 1,000 ரூபா. நாப்பத்தஞ்சு வயசுல வேலை போனா என்ன பண்ணுவோம்னு யோசிச்சுப் பாருங்க, அதுக்கு உங்ககிட்ட பதில் இருந்தா இங்கயே இருங்க, இல்லன்னா போங்க.

மாலை_மல்லி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ தெளிவா யாரும் சொன்னதில்ல. அக்கா உங்க பதில் படிச்சுட்டு கண்ணு கலங்கிடுச்சு. பென்ஷன் பத்தி இன்னும் குழப்பமா இருக்கு, சிலர் இருக்குங்கறாங்க சிலர் இல்லவே இல்லங்கறாங்க. அப்புறம் இன்னொன்னு, நான் சாயங்காலத்துல நாலஞ்சு கடைங்களுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் குடுக்கறேன், மாசம் ஒரு ஏழாயிரம் வரும், சம்பளக் குறைச்சல அத வச்சு சமாளிச்சுக்கலாம்னு நினைச்சேன். சேந்த பிறகும் அத பண்ணலாம்ல?

பழைய_கோப்பு பதில்:

மொதல்ல ரெண்டாவது கேள்விக்கு. கூடாதும்மா. கண்டிப்பா கூடாது. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973ன்னு இருக்கு, அனுமதி இல்லாம தனியா தொழிலோ வேற வேலையோ பாக்க முடியாது. உங்க லாகின்ல ரிட்டர்ன் போட்டுட்டு இருக்கீங்கன்னு யாராவது ஒருத்தர் ஒரு வெள்ளைப் பேப்பர்ல புகார் எழுதிப் போட்டாப் போதும், விளக்கம் கேட்டு மெமோ வரும், அடுத்து ஒழுங்கு நடவடிக்கை விதில 17 ஏ வா 17 பி யாங்கறது மேல இருக்கறவர் பாக்கறதப் பொறுத்தது. 17 ஏன்னா சிறு தண்டனை, கண்டனம், இன்கிரிமெண்ட் நிறுத்தம் அந்த மாதிரி. 17 பின்னா பெரிய தண்டனை, பதவி இறக்கத்துல இருந்து பணிநீக்கம் வரைக்கும் போகும். தண்டனை வர்றதுக்கு முன்னாடியே, 17 பி நிலுவைல இருந்தா பதவி உயர்வுப் பட்டியல்ல பேர் வராது. விசாரணை வருஷக்கணக்கா இழுக்கும். கூட சேந்தவன் எல்லாம் மேல போயிருப்பான், நாம அதே நாற்காலில இருப்போம். சேர்றதுக்கு முன்னாடியே அந்தக் கடைங்கள வேற யாருக்காவது ஒப்படைச்சுடுங்க. நிலம் வீடு வாங்கறதுன்னாலும், பெரிய தொகைக்கு நகை வண்டி வாங்கறதுன்னாலும் துறைக்குத் தெரிவிக்கணும், சொத்துக்கு முன்கூட்டியே எழுதி வாங்கிடறது நல்லது. பாஸ்போர்ட் எடுக்கறதுக்கும் வெளிநாடு போறதுக்கும் ஆபீஸ் வழியாத்தான். கட்சி நடவடிக்கைல கலந்துக்க முடியாது. அரசு வேலைன்னா பாதுகாப்புன்னு சொல்றாங்கல்ல, அந்தப் பாதுகாப்புக்கு நாம குடுக்கற விலை இதுதான்.

பென்ஷனுக்கு வர்றேன். 2003 ஏப்ரல் 1க்கு முன்னாடி சேந்தவங்களுக்குப் பழைய ஓய்வூதியம், என்ன மாதிரி. அதுக்குப் பிறகு சேந்தவங்க பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம், நம்ம 10 சதவீதம், அரசோட 10 சதவீதம், மேல வட்டி, ஆனா மாசாமாசம் இவ்ளோ வரும்னு ஒரு உறுதி கிடையாது. அதனாலதான் இருக்குங்கறவங்களும் இல்லங்கறவங்களும். ஊழியர் சங்கங்க இதுக்காக இருபது வருஷத்துக்கு மேல ரோட்டுல நின்னுச்சு. 2026 ஜனவரில தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம்னு அறிவிச்சாங்க, கடைசியா வாங்கின அடிப்படைச் சம்பளத்துல பாதி ஓய்வூதியமா உறுதி, இறந்துட்டா அந்த ஓய்வூதியத்துல 60 சதவீதம் குடும்பத்துக்கு, நம்ம பங்கு அதே 10 சதவீதம். பழைய திட்டத்துல நான் ஒரு ரூபா கட்டல, நீங்க சர்வீஸ் முழுக்கக் கட்டணும், அந்த வித்தியாசம் இருக்கத்தான் செய்யுது. என் பென்ஷன் மாசம் பொறந்தா கணக்குல விழுது, நான் யாரையும் எதிர்பாக்க வேண்டியதில்ல, உங்க தலைமுறைக்கும் அது கிடைக்கணும்ங்கறதுதான் என் ஆசை. சேந்த பிறகு அரசாணையையும் விதிகளையும் நீங்களே உக்காந்து படிங்க, வாட்ஸப்ல வர்றத நம்பாதீங்க.

கடைசியா எஸ்.ஆர். பத்தி. பணிப்பதிவேடு தான் உங்க உயிர். சேந்த உடனே அதுல பேரு, இனிஷியல், பிறந்த தேதி எல்லாம் பத்தாவது மார்க் ஷீட்டோட ஒத்துப் போகுதான்னு பாருங்க. பிறந்த தேதி தப்புன்னா சேந்து அஞ்சு வருஷத்துக்குள்ள விண்ணப்பிக்கணும், அதுக்கு மேல ஒன்னும் செய்ய முடியாது. நாமினேஷன்ல வீட்டுக்காரர் பேர் போட்டு, குழந்தை பொறந்ததும் சேருங்க. ரிட்டயர் ஆகிற சமயத்துல ஒரு இன்கிரிமெண்ட் பதிவுல விட்டுப் போச்சு, ஒரு லீவு கணக்குல ஏறலன்னு தணிக்கை ஆட்சேபணை வந்து மாசக்கணக்கா பென்ஷன் நின்னவங்கள நான் என் சீட்லயே பாத்திருக்கேன், வயசானவங்க படியேறி வந்து உக்காந்திருப்பாங்க.

கிராமத்து_கணக்கு பதில்:

மேடம், விஏஓ எடுக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. நான் விஏஓ. சம்பளம் ஒன்னுதான், வேலை முழுக்க வேற. ஆபீஸ் நேரம்னு ஒன்னு கிடையாது, கிராமத்துலயே தங்கணும்ங்கறது விதி. பட்டா மாறுதல், அடங்கல் (சாகுபடிக் கணக்கு), சான்றிதழ் விசாரணை, வெள்ளம் வந்தா முதல் போன் நமக்கு, பிணம் ஒதுங்கினா போலீஸ்ல தகவல் சொல்றதும் நாமதான், மணல் வண்டிய மறிச்சா மிரட்டலும் நமக்குத்தான். ஜனங்களோட நேரடியா நிக்கிற வேலை, ஒரு விதவைக்கு ஓய்வூதியம் வாங்கிக் குடுத்தா அவங்க கும்பிடறது நெஞ்சுல நிக்கும், அதுக்காகவே நான் இதுல இருக்கேன். ஆனா சென்னைல குடும்பம், சின்னக் குழந்தை வரப்போகுதுன்னா உங்களுக்கு இளநிலை உதவியாளர் தான் சரி.

வருவாய்_அக்கா பதில்:

விஏஓ அண்ணன் சொன்னது சரி. கவுன்சிலிங் பத்தி ஒன்னு சொல்லிடறேன் தங்கச்சி, ஏன்னா அங்க நிக்கிறப்ப யோசிக்க நேரம் இருக்காது. எல்லாரும் துறைய மட்டும் பாக்கறாங்க, நீங்க அலகையும் (சீனியாரிட்டி கணக்கிடற வட்டம்) பாருங்க. வருவாய் மாதிரி துறைல மாவட்டம்தான் அலகு, உங்க சீனியாரிட்டி அந்த மாவட்டத்துக்குள்ளதான். திருநெல்வேலில சேந்துட்டு பின்னாடி சென்னைக்கு மாத்திக்கலாம்னு நினைச்சா, வேற மாவட்டத்துக்கு விருப்ப மாறுதல்ல போனா அங்க சீனியாரிட்டில கடைசி ஆளா நிக்கணும். வீட்டுக்காரர் சென்னைலன்னா சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் இதுல எது காலியா இருக்குன்னு மொதல்ல பாருங்க, அங்க வருவாய் இல்லன்னாலும் வேற துறைய எடுங்க, பிள்ள வளர்ற வரைக்கும் குடும்பம் ஒன்னா இருக்கறது துறைய விட முக்கியம்னு நான் அனுபவத்துல சொல்றேன். முன்னாடி ரேங்க் காரங்க எடுக்க எடுக்க காலியிடம் கொறஞ்சுட்டே வரும், அதனால ஒன்னு ரெண்டு இல்ல, பத்து பதினஞ்சு சாய்ஸ் வரிசையா எழுதிட்டுப் போங்க. எடுத்துட்டா மாத்த முடியாது.

கம்பெனில இப்பவே பேப்பர் போட்டுடாதீங்க. துறைல இருந்து நியமன ஆணை கைக்கு வரட்டும், அதுல சேர வேண்டிய தேதி இருக்கும், நோட்டீஸ் பீரியடுக்கு நேரம் பத்தலன்னா நியமன அலுவலருக்கு அவகாசம் கேட்டு எழுதிக் குடுங்க. சேந்த பிறகு பவானிசாகர்ல அடிப்படைப் பயிற்சி வரும், அங்கயே தங்கிப் படிக்கணும், அத முடிச்சாதான் தகுதிகாண் பருவம் முடியும். குழந்தை வர்றதுக்கு முன்னாடி பயிற்சி லிஸ்ட்ல பேர் வந்துதுன்னா தள்ளிப் போடாம போயிட்டு வந்துடுங்க. துறைத் தேர்வு மே, டிசம்பர்னு வருஷத்துக்கு ரெண்டு தடவ டிஎன்பிஎஸ்சி நடத்தும், நீங்க அக்கவுண்ட்ஸ் ஆள், அக்கவுண்ட் டெஸ்ட் உங்களுக்குச் சுலபமா வரும், சேந்த முதல் அறிவிப்புலயே விண்ணப்பிச்சுடுங்க.

மாலை_மல்லி:

நாலு மாவட்டமும் மொதல்ல, அதுக்கப்புறம் துறைன்னு இன்னிக்கே லிஸ்ட் எழுத ஆரம்பிக்கறேன் அக்கா. ஜிஎஸ்டி வேலைய கூடப் படிச்ச பொண்ணு ஒருத்திக்கு மாத்திக் குடுத்துடறேன். வீட்டுக்காரர்கிட்ட இந்தப் பக்கத்தையே காட்டினேன், ரெண்டு மூணு மாசம் சம்பளம் வராதுங்கறதுக்கு இப்பவே காசு ஒதுக்கி வைக்கலாம்னு சொல்லிட்டாரு. போறேன்.